பால் எங்கே போகிறது

போன சனிக்கிழமை மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில், பள்ளி முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு தன்முனைப்பு (மோட்டிவேஷன்) நிகழ்ச்சி நடந்தது. அக்கா மகளை அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். பேச வந்தவர் நன்றாகவே பேசினார். ஆனால் நடுவில் ஒன்று சொன்னார்: "இப்போ ஒழுங்கா படிக்கலன்னா, அப்புறம் தோட்டத்துக்குத்தான் போகணும்." பிள்ளைகள் சிரித்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். செம்பனை (பாமாயில்) தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை என்று சற்று முன்னால்தான் என்னிடம் சொல்லியிருந்தார். விரல் நகங்களைச் சுற்றி முள் குத்திய கறுப்புப் புள்ளிகள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

ஒரு வாரமாக அந்தக் கைதான் கண்முன்னால் நிற்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். ஆசிரியர் சொன்னார், சித்தப்பா சொன்னார், பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவே சொன்னார் (ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் மரம் வெட்டுவது என்போம்). ஏன் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கையில் காசு இல்லை. வயதாகி வேலை நின்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைக்கு அந்த வாழ்க்கை வேண்டாம் என்று நினைத்ததில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் வறுமையை விட்டு ஓடு என்று சொல்லும்போதே, அந்த வேலையையும் சேர்த்துக் கேவலமாக்கிவிட்டோம். வேலை செய்தவர்களையும்தான்.

அப்பா 27 வருடம் மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். ஒரு நாளைக்கு 500 மரத்துக்கு மேல். பள்ளி விடுமுறையில் பால் வடியும் மங்குகளைத் துடைத்து வைக்க நானும் கூடப் போவேன். அவர் உளியை வைத்து இழுப்பது இன்றைக்கும் அப்படியே கண்ணில் இருக்கிறது. பட்டையிலிருந்து மெல்லிய சீவல் ஒன்று சுருண்டு விழும். உளி மேலோட்டமாகப் போனால் பால் வராது. கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். காயம்பட்ட இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், அப்புறம் அந்தப் பக்கம் யாராலும் நேராக ஒரு வெட்டு இழுக்க முடியாது. "இந்தப் பட்டை திரும்ப வளர்ந்து வெட்டுக்கு வர வருசக்கணக்காகும்மா. அப்போ வெட்டுறது நானா இருக்க மாட்டேன். வர்றவன், எந்தப் பாவி இப்படிக் குத்தி வச்சான்னு கேக்கக் கூடாதுல்ல" என்பார். மரமும் அவருடையது இல்லை, நிலமும் அவருடையது இல்லை. இன்னும் வேலைக்கே வராத ஒருவனுக்காக உளியைப் பதம் பார்த்துப் பிடித்தார்.

அன்றைய பேச்சாளர் கடைசியில், "உன் வாழ்க்கையின் நோக்கத்தை உனக்குள்ளே தேடு" என்றார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எனக்குள்ளே தேடியிருந்தால் எனக்கு எதுவும் கிடைத்திருக்காது. எனக்குக் கிடைத்தது வெளியிலிருந்து, அதுவும் தலைகுனிய வைத்த ஒரு சம்பவத்திலிருந்து.

நான் அரசாங்க கிளினிக்கில் மருந்துக் கவுண்டரில் வேலை செய்கிறேன். அப்போது எனக்கு வேறு மாவட்டத்தில் போஸ்டிங், ஊர் பெயர் வேண்டாம். ஆறு வருட அனுபவம், கை வேகம், நம்பர் கூப்பிட்டால் ஒரு நிமிடத்தில் ஆளை அனுப்பிவிடுவேன். அதைப் பெருமையாகவும் நினைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு பாட்டி வந்தார். இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) புதிதாக கிளிக்லசைட் மாத்திரை எழுதியிருந்தார்கள். பொட்டலத்தில் மலாயில் "செபெலும் மாக்கான்" என்று அச்சிட்டிருந்தது. "பாட்டி, இது சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரை அழுத்திவிட்டேன். "சரி மிஸ்ஸி" என்று வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று நாள் கழித்துப் பேரன் வந்தான். புரட்டாசி சனிக்கிழமை, பாட்டி விரதம். விடிகாலையில் எழுந்து, நான் சொன்னபடியே, சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரையைப் போட்டிருக்கிறார். சாப்பாடு பூஜை முடிந்து ஒரு மணிக்கு. பத்தரைக்கே கோயில் தூணோரம் வேர்த்து விறுவிறுத்துச் சாய்ந்துவிட்டார். அந்த மாத்திரை உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு விழாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். யாரோ ஒரு புண்ணியவதி சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். பேரன் சண்டை போடவில்லை. "அக்கா, பாட்டி நீங்க சொன்னதைத்தான் செஞ்சாங்க. அடுத்தவங்களுக்குச் சொல்லும்போது விரதத்தையும் சேர்த்துச் சொல்லிருங்க" என்றான். அவ்வளவுதான். ஆறு வருடத்தில், நான் கொடுத்த மருந்து வீட்டுக்குப் போய் என்ன ஆகிறது என்று எனக்கு வந்து சொன்ன முதல் ஆள் அவன்.

மறுநாளிலிருந்து பொட்டலத்தின் பின்பக்கம் தமிழில் எழுத ஆரம்பித்தேன். "இட்லி தட்டில் வந்த பிறகு இந்த மாத்திரை. விரதம் என்றால் வந்து கேளுங்கள்." படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு சூரியன், ஒரு நிலா, ஒரு சோற்றுத் தட்டு வரைவேன். அப்புறம், வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் எடுத்து வரச் சொன்னேன். ஒருவர் மைலோ டின்னைக் கவுண்டரில் கவிழ்த்தார். ஒரு வருட மெட்ஃபார்மின் அட்டைகள் (இதுவும் இனிப்பு நீர் மாத்திரைதான்), பிரிக்கவே இல்லை. முதல் வாரம் வயிற்றைக் கலக்கியதால் நிறுத்திவிட்டாராம். சாப்பிட்டவுடன் போட்டால் அந்தத் தொந்தரவு குறையும் என்று அதுவரை யாரும் அவரிடம் உட்கார்ந்து சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று வந்தது. நம் இந்திய வம்சாவளி மக்களிடையே அதைவிட அதிகம். இது சின்ன விஷயமே இல்லை. ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒரு மைலோ டின் இருக்கும்.

அன்றிலிருந்து இது எனக்கு வெறும் உத்தியோகமாக இல்லை. என்னிடம் வேறு எதுவும் மாறவில்லை, அதே கவுண்டர், அதே நம்பர். என் வேலை போய்ச் சேரும் இடத்தை ஒரு பையன் எனக்குக் காட்டிவிட்டான்.

நான் சொல்ல வந்தது இதுதான். பெரும்பாலானவர்கள் வேலையில் பிடிப்பு இல்லாமல் தவிப்பது அவர்களுக்கு லட்சியம் இல்லாததால் என்று நான் நம்பவில்லை. மறுமுனையில் இருப்பவர் யார் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. நிகழ்ச்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "உதிர்ந்த பழத்துலதான்கா எண்ணெய் அதிகம். நல்லாப் பழுத்தாத்தான் அது குலையிலிருந்து உதிரும்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுகூட விடக் கூடாதுன்னு மண்டோர் (மேற்பார்வையாளர்) கத்துவாரு. ஏன்னு சொன்னதே இல்ல" என்றார். எத்தனை வருட வேலை! ஒரு வரி விளக்கம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது, அப்படியானால் சம்பளம் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல்தான் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, அதை வைத்துக் குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். "உங்கள் சேவை புனிதமானது" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் சம்பளம் கிடைத்த பிறகும் ஒரு மனுஷனுக்குத் தெரிய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது: தன் வேலை யாருக்காக என்பது.

எங்கள் பாட்டிக்கு அதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்ற காலம் அது. சனங்கள் வேலையும் வீடும் இல்லாமல் நின்றபோது, எங்கள் ஊர்க்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடமே 10 வெள்ளி கேட்டார்கள். நீங்கள் வெட்டும் மரத்தை நீங்களே வாங்கலாம் என்றார்கள். பாட்டி அந்தப் பங்கு அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால்தான் வைத்திருந்தார். அதைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும்.

அப்பாவுக்கு மட்டும் ரொம்ப நாள் யாரும் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவருக்குக் காலில் ஆணி குத்திவிட்டது. வீட்டிலேயே கட்டுப் போட உட்கார்ந்து, ரப்பர் கையுறையை மாட்டினேன். "இது என்னம்மா, பிளாஸ்டிக்கா?" என்றார். "பால்தான்ப்பா. ஸ்டோர்ல அமோனியா ஊத்தி, டாங்கி லாரியில ஏத்துவாங்களே, அந்தப் பால். மெஷின்ல சுத்திக் கெட்டியாக்கி, கை மாதிரி பீங்கான் அச்சை அதுல முக்கி எடுப்பாங்க. உலகத்துல ரொம்ப ஆஸ்பத்திரிக்கு நம்ம நாட்டுலருந்துதான் கையுறை போகுது" என்றேன். கையை நீட்டி ஒன்றை வாங்கினார். விரல் விரலாக இழுத்துப் பார்த்தார். முகர்ந்தார். கட்டுப் போட்டு முடிக்கும்வரை ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "இன்னொண்ணு தா" என்று கேட்டு, இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் நொண்டிக்கொண்டே கோப்பிக் கடைக்குப் போனார். பக்கத்து நிரையில் இருபது வருடம் கூட வெட்டிய மாமா அங்கேதான் இருப்பார். திரும்பி வந்தபோது பையில் ஒன்றுதான் இருந்தது. மாமா கையுறையை மேசையில் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல நம்ம பால் எந்த விரல்ல இருக்கும்?" என்று கேட்டாராம்.