டிரிங் மியூசியமும் பறவைக் காலில் கட்டிய சீட்டும்

செத்த பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் ஆயுள் முழுக்கச் சேர்த்த ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், 'பணக்காரன் பொழுதுபோக்கு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வால்டர் ராத்ஸ்சைல்டு விஷயத்தில் எனக்கு அது ஒப்பவில்லை.

லண்டனுக்கு வடமேற்கே டிரிங் என்று ஒரு சிற்றூர். வங்கிக் குடும்பத்தில் 1868-ல் பிறந்த வால்டர், ஏழு வயதிலேயே மியூசியம் வைக்கப்போகிறேன் என்றவர். பிற்பாடு அப்பாவே அதற்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தார். 1892-ல் பொதுமக்களுக்குத் திறந்தாயிற்று. அவர் வரிக்குதிரைகளை வண்டியில் பூட்டி ஓட்டிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய காரியம், பறவைகளைப் பார்த்துக்கொள்ள எர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட்டையும் பூச்சிகளுக்கு கார்ல் ஜோர்டானையும் வேலைக்கு வைத்தது. இருபது லட்சத்துக்கும் மேலான வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளைச் சும்மா குவித்து வைத்திருந்தால் அது வெறும் குப்பை. எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று சீட்டு எழுதி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது அறிவியல் ஆனது.

மடகாஸ்கரில் ஆர்க்கிட் வகைப் பூச்செடி ஒன்று. அதன் பூவில் தேன் இருக்கும் குழல் ஏறக்குறைய ஓரடி நீளம். அந்தக் குழலின் அடிமுனைவரை எட்டும் உறிஞ்சுகுழலோடு ஓர் அந்துப்பூச்சி இருந்தே தீர வேண்டும் என்று 1862-ல் டார்வின் எழுதினார். அப்படிப்பட்ட பூச்சியை 1903-ல் விவரித்துப் பெயர் வைத்தவர்கள் வால்டரும் ஜோர்டானும்தான்!

இத்தனை உயிர்களைக் கொன்றது நியாயமா என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. இன்று யாரும் அந்த அளவில் கொல்லக்கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் கொன்றாகிவிட்டது; இனி அவற்றைப் பாதுகாக்காமல் விடுவது இரண்டாவது கொடுமை. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மருந்தால் வல்லூறுகளின் முட்டை ஓடு மெலிந்துபோனதை 1967-ல் டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் காட்ட முடிந்தது எப்படி? யார் யாரோ எடுத்துவைத்த பழைய முட்டைகள், எந்த வருஷத்தவை என்ற குறிப்போடு இருந்ததால்தான்.

1932-ல் வால்டருக்குப் பண நெருக்கடி. பழைய காதலி ஒருத்தி மிரட்டிப் பணம் பறித்தாள் என்று அவருடைய தம்பி மகள் மிரியம் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 2,80,000 பறவைத் தோல்கள் (இறகோடு பதப்படுத்திய பறவைகள்) நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு விலைபோயின. அவருக்கு அது தாங்க முடியாத இழப்புதான். ஆனாலும் சில்லறையாகப் பிரித்து ஏலம் விடவில்லை. மொத்தமாகப் போனதால் அங்கே பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் அவற்றை வைத்து வேலை செய்ய முடிந்தது. மீதிச் சேகரிப்பும் மியூசியமும் 1937-ல் அவர் இறந்தபின் நாட்டுக்கே போய்ச் சேர்ந்தன. இன்றும் அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.

2009-ல் நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. டிரிங்கில் வைத்திருந்த பிரிட்டனின் தேசியப் பறவைச் சேகரிப்பில் ஓர் இசை மாணவன் புகுந்து 299 தோல்களைத் திருடினான். டார்வினைப் போலவே பரிணாமக் கொள்கையைக் கண்ட வாலஸ் தன் கையால் சேகரித்தவையும் அதில் உண்டு. எதற்கு? சால்மன் மீன் பிடிக்கும் தூண்டிலில் இரைபோலக் கட்டும் அலங்காரப் பொய் ஈக்களுக்கு இறகு வேண்டுமாம். பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்தன. ஆனால் பலவற்றின் காலில் கட்டியிருந்த சீட்டு இல்லை. அவனுக்குக் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. இதை வெறும் இறகுத் திருட்டாகப் பார்த்தது தவறு என்றே நினைக்கிறேன். சீட்டை அறுத்த பறவை எந்தக் காட்டில், எந்த ஆண்டில் பறந்தது என்பதை இனி யாராலும் மீட்க முடியாது.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது கிளிஞ்சலோ பூச்சியோ சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தால், அழகானதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடாதீர்கள். பெட்டியோடு, அவர் எழுதிய நோட்டுகளோடு, கிறுக்கிய துண்டுச் சீட்டு உட்பட அப்படியே ஒரு கல்லூரிக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுங்கள்.