இலவச ரௌட்டரின் பாதியையாவது அணைக்க விடுங்கள்

ஃபைபர் இணைப்பு விற்கும் எந்த நோட்டீஸை எடுத்தாலும் "வைஃபை ரௌட்டர் இலவசம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இணைப்பை ரத்து செய்கிற அன்றுதான் அது இரவல் பொருள் என்று தெரியும். பெட்டியைத் திருப்பிக் கொடு, அடாப்டரையும் சேர்த்துக் கொடு, இல்லையென்றால் டெபாசிட்டில் கழிப்போம் என்பார்கள். இரவல் என்பதில் எனக்கு வருத்தமில்லை. என் வீட்டுக்குள் உட்கார்ந்து என் வீட்டு வைஃபையை நடத்துகிற பெட்டியின் சாவி என்னிடம் இல்லையே, அதுதான் பிரச்சினை.

அந்த ஒரு பெட்டிக்குள் நாலு வேலை நடக்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது முதல் வேலை. அதைச் செய்யும் பகுதிக்கு ஓஎன்டி என்று பெயர், மாட்ட வருகிற தம்பிகள் ஓஎன்யு என்பார்கள். யூசர்நேம் கொடுத்து கம்பெனியின் நெட்வொர்க்கில் நுழைந்து, கிடைக்கிற ஒரு இணைப்பை வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப்புக்கெல்லாம் பகிர்ந்து கொடுப்பது ரௌட்டர். அப்புறம் வைஃபை. பின்பக்கம் லேண்ட்லைன் போன் செருகும் துளை இருந்தால் அது நாலாவது. இதில் முதல் வேலை கம்பெனியின் பிடியில் இருப்பதற்கு நியாயம் உண்டு. மற்றதற்கு இல்லை என்பதுதான் என் கட்சி.

2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்த காலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. அவர்களிடமே மோடம் வாடகைக்குக் கிடைக்கும். வேண்டாமென்றால் சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு ஏடிஎஸ்எல் மோடம் (லேண்ட்லைன் ஒயரில் நெட் எடுக்கும் பெட்டி) வாங்கி வந்து, விபிஐ 0, விசிஐ 35 என்று இரண்டு எண்களைப் போட்டு, யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்தால் நெட் வந்துவிடும். அந்த 0/35 இன்னமும் சிலருக்கு மனப்பாடமாக இருக்கும். இடி மின்னலில் மோடம் போனால் நாமே இன்னொன்று வாங்கி மாட்டிக்கொண்டோம், யாரையும் கேட்கவில்லை.

ஃபைபரில் விஷயம் வேறு. தெருவுக்கு வரும் ஒரு இழையை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குக்கூடப் பிரிக்கிறார்கள். வீட்டுக்கு வரும் டேட்டா 1490 நானோமீட்டர் ஒளியில் அந்தக் கிளையின் எல்லா வீட்டுக்கும் போகிறது, அவரவர் பெட்டி தனக்கானதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சிக்கல் திரும்ப அனுப்புவதில்தான். எல்லா வீடும் 1310 நானோமீட்டரில் ஒரே இழையில் பேச வேண்டும் என்பதால், ஒவ்வொரு பெட்டிக்கும் முறை வைத்து மிகச்சிறிய நேரத் துண்டு ஒதுக்குகிறார்கள். ஏதோ ஒரு பெட்டி முறை பார்க்காமல் லேசரை எரித்துக்கொண்டே இருந்தால், அந்தக் கிளையில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும் நெட் தடுமாறும், போகவும் செய்யும். கண்ட கண்ட பெட்டியையும் மாட்டாதே, சீரியல் நம்பர் பதிவான பெட்டிதான் வேண்டும் என்று கம்பெனி சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் லேசருக்குச் சொல்கிற காரணம் வைஃபைக்குப் பொருந்தாது. நான் எந்தச் சேனல் வைக்கிறேன், எந்த டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) போடுகிறேன் என்பதால் பக்கத்து வீட்டு நெட் போகப்போவதில்லை. மீட்டர் வரைக்கும் மின்வாரியத்தின் பொறுப்பு, அவர்கள் சீல் வைக்கிறார்கள், சரி. அதற்காக எந்த ரூமில் ஃபேன் மாட்ட வேண்டும் என்று அவர்கள் வந்து சொல்வதில்லை. ஃபைபரில் ஃபேன் மாட்டும் இடத்தையும் அவர்களேதான் முடிவு செய்கிறார்கள்.

கம்பத்திலிருந்து இழையை மாடிக்கு இழுத்து, முதலில் கண்ணில் படும் ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். மாட்ட வருகிறவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அடுத்த தெருவில் இன்னொரு வீடு காத்திருக்கும். இழையையும் நம் இஷ்டத்துக்கு மடக்கிக் கொண்டுபோக முடியாது, கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்து சிக்னல் இறங்கிவிடும். ஆகவே ஃபைபர் எங்கே நுழைகிறதோ அங்கேதான் வைஃபை. நம் வீடுகளில் அது பெரும்பாலும் ஹாலில் ஒரு மூலை, டிவிக்குப் பின்னால், தெருவைப் பார்த்த ஜன்னலோரம். சிக்னலில் பாதி தெருவுக்குப் போகிறது. மீதிப் பாதி ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், சுவரோரம் நிற்கும் இரும்பு பீரோ எல்லாவற்றையும் தாண்டி உள் அறைக்கு வர வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இப்படிப்பட்ட சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் துவண்டுவிடும். 2.4 தாண்டும், ஆனால் அபார்ட்மென்டில் எல்லா வீட்டுப் பெட்டியும் அதில்தான் கத்திக்கொண்டிருக்கிறது. ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அதில் கிடைப்பது 1, 6, 11 என்ற மூன்றே சேனல்.

இதன் பலன் என்ன? உள் அறையில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். வீட்டில் உள்ளவர்கள் "நெட் ஸ்லோ" என்பார்கள். கஸ்டமர் கேரில் கேட்டால் 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்குங்கள் சார் என்று அன்பாகச் சொல்வார்கள். ஹாலில் உட்கார்ந்து ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 100 ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்! சுவர் குடிக்கிற சிக்னலுக்கு நாம் மாதாமாதம் கூடுதல் பணம் கட்டுகிறோம். சில இடங்களில் இன்னும் அநியாயம்: மாட்டிய பெட்டியில் 2.4 மட்டும்தான் இருக்கும், லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது, விற்ற பிளான் மட்டும் 300. ஒயர் செருகினாலும் 100-க்கு மேல் வர வழியே இல்லாத பெட்டி அது. எந்த மாடல் பெட்டி தரப்போகிறோம் என்று நோட்டீஸில் போடுவதில்லை. ஓடிடி பட்டியல் மட்டும் நீளமாக இருக்கும்.

சரி, சொந்தமாக ஒரு நல்ல ரௌட்டர் வாங்கி வீட்டு நடுவில் வைத்துக்கொள்ளலாமே? தாராளமாகச் செய்யலாம். அதற்குக் கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட வேண்டும். அதாவது ஒளியை மாற்றி ஈதர்நெட்டில் கொடுத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும், லாகின் செய்வதும் வைஃபை கொடுப்பதும் என் ரௌட்டர். பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரே ஒரு தேர்வை மாற்றுகிற வேலை. இதற்காக நான் பேசியது இப்படிப் போனது:

"பிரிட்ஜ் மோட் போட்டுத் தர முடியுமா?"

"ரௌட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"நெட் நல்லாத்தான் வருதும்மா. எனக்கு பிரிட்ஜ் மோட் வேணும்."

"ரெட் லைட் எரியுதா சார்?"

கடைசியில் ஆள் அனுப்பினார்கள். வந்த தம்பி, "அதெல்லாம் பேக்எண்ட்லதான் பண்ணணும் சார்" என்றார். பேக்எண்டில் பேசியவர், "ஃபீல்டு இன்ஜினியர்தான் பண்ணணும்" என்றார். இருவரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. யாருக்கும் அதிகாரம் கொடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான். ஒருவழியாகப் போட்டுக் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து ஒரு ராத்திரியில் பெட்டிக்குப் புது ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் உள் மென்பொருள்) வந்து எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

டிஆர்-069 என்று ஒரு ஏற்பாடு 2004-இலிருந்தே இருக்கிறது. கம்பெனி தன் ஆபீஸில் இருந்தபடி உங்கள் வீட்டுப் பெட்டியின் செட்டிங்கைப் பார்க்கவும் மாற்றவும், ஃபர்ம்வேரை ஏற்றவும் முடியும். நம் கையில் இருக்கும் அட்மின் லாகின் பல பெட்டிகளில் அரைகுறையானது, வைஃபை பெயர் மாற்றலாம், டிஎன்எஸ் மாற்ற முடியாது என்கிற அளவில் நிற்கும். பிரிட்ஜ் இல்லாமலே சொந்த ரௌட்டரை அதன் பின்னால் மாட்டினால் ஒரே வீட்டில் இரண்டு பெட்டியும் ஆளுக்கொரு முறை இணைய முகவரியை மாற்றி எழுதிக்கொண்டிருக்கும். படம் பார்க்க அது போதும். வெளியூரில் இருந்து வீட்டு சிசிடிவியை நேராகத் திறக்க வேண்டும், ஆன்லைன் கேம் ஆட வேண்டும் என்றால் தலைவலி. பல கம்பெனிகள் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி முகவரியே தராமல், பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிரும் சிஜிநாட் ஏற்பாட்டுக்குள் வைத்திருப்பதால் அது மூன்றாவது அடுக்கு, அந்தக் கதை தனிப் பதிவு கேட்கும்.

"கம்பெனி பார்த்துக்கொண்டால் பாதுகாப்புத்தானே" என்று சிலர் கேட்பார்கள். 2016 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு நெட் படுத்துவிட்டது. மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை, தொலைவிலிருந்து பெட்டியை நிர்வகிக்க வைத்திருந்த 7547 போர்ட்டைக் குறிவைத்து வந்தது. பெட்டிகளைக் கைப்பற்ற அதற்கு முடியவில்லை, ஆனால் தாக்கிய வேகத்தில் பெட்டிகள் முடங்கின. எல்லார் வீட்டிலும் ஒரே ரகப் பெட்டி, ஒரே ஓட்டை என்றால் எல்லாரும் சேர்ந்தேதான் விழுவார்கள். நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடம்கள் ஏராளமாகத் தீநிரலில் மாட்டின. யூசர்நேமும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று மாற்றாமல் விட்டதுதான் வாசல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தால் நியாயமில்லை. ஜெர்மனியில் விழுந்த பெட்டிகளுக்கு மறுநாளே புது ஃபர்ம்வேர் கொடுக்க முடிந்ததும் அவை கம்பெனியின் கையில் இருந்ததால்தான். கடையில் வாங்கிய ரௌட்டருக்கு அப்டேட் போடுகிறவர் நம்மில் எத்தனை பேர்? திருச்சியில் அம்மா வீட்டில் கம்பெனிப் பெட்டியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிறிய வீடு, ஒரே பெட்டி, ஒரே அடாப்டர். மாதாந்திரப் பராமரிப்புக்கு பவர் கட் செய்யும் நாளில் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை மாட்டினால் நெட் ஓடும், ஏனென்றால் தெருவில் இருக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்ட்டே தேவையில்லை. என் வீட்டில் இரண்டு பெட்டி, அதற்கு இரண்டு யுபிஎஸ். ரெட் லைட் எரிந்தால் அம்மா ஒரு போன் செய்வார், ஆள் வருவார். இந்த ஏற்பாட்டை ஒழிக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

ஆனால் வேண்டாம் என்பவருக்கு வழி வேண்டுமே. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் சட்டமே இருக்கிறது. சுவரில் இருக்கும் சாக்கெட்டோடு கம்பெனியின் நெட்வொர்க் முடிந்தது, அதற்குப் பிறகு எந்தப் பெட்டி என்பது வாடிக்கையாளர் விருப்பம், லாகின் விவரங்களை அவர் கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். இத்தாலியின் ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் இதே திசையில் உத்தரவு போட்டது. அமெரிக்காவில், கொடுக்காத ரௌட்டருக்கும் வாடகை வசூலிக்கிற கூத்து நடந்து, அதைத் தடுக்கும் சட்டம் 2020 டிசம்பரில் அமலுக்கு வந்தது. நான் ஜெர்மனி அளவுக்குக்கூடப் போகவில்லை. லேசரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் மோட் கேட்டால் எழுத்தில் ஒரு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுங்கள், ஃபர்ம்வேர் வந்தாலும் அது கலையாமல் பாருங்கள், பெட்டியின் மாடலை முன்கூட்டியே சொல்லுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நினைத்தால் ஒரு பக்க உத்தரவில் முடிகிற காரியம்.

வேடிக்கை என்னவென்றால், பெரிய கம்பெனிகளிடம் நடக்காதது பல ஊர்களில் கேபிள்காரரிடம் நடக்கிறது. கேபிள் டிவியோடு நெட்டும் கொடுக்கிற அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் "அண்ணே, பிரிட்ஜ் போட்டு விடுங்க" என்றால் சாயங்காலத்துக்குள் போட்டு விடுவார். சிலர் ஓஎன்யுவையே நீங்கள் வாங்கி வாருங்கள், சீரியல் நம்பரைச் சேர்த்துவிடுகிறேன் என்பார்கள். மழை பெய்தால் லைன் போகும், அது வேறு விஷயம்.

பிரிட்ஜ் கேட்கப் போகிறவர்கள் முன்னாடியே செய்ய வேண்டியவை: கம்பெனி நெட்வொர்க்கில் லாகின் செய்வதற்கான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, ரௌட்டரில் போட வேண்டிய விலேன் எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இப்போதிருக்கும் செட்டிங்ஸ் பக்கங்களை போனில் படமெடுத்து வையுங்கள். லேண்ட்லைனோ கம்பெனியின் டிவி பெட்டியோ இருந்தால் பிரிட்ஜுக்குப் பிறகு அவை வேலை செய்யுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில பெட்டிகளில் செய்யாது. உங்கள் ஊரில் யார் கேட்டதும் போட்டுக் கொடுக்கிறார்கள், யார் இழுத்தடிக்கிறார்கள், எந்த மாடல் பெட்டி என்று கமென்டில் போடுங்கள். புதிதாக இணைப்பு வாங்குகிறவர்களுக்கு உதவும்.