அந்தப் பிரசங்கம் எனக்குத்தான்

ஒரு ஞாயிறு காலை எங்கள் போதகர் எண்ணாகமம் 16ஆம் அதிகாரத்தை எடுத்தார். கோராகும் அவன் கூட்டமும் மோசேக்கு எதிராக எழும்புவது, பூமி வாயைத் திறந்து விழுங்குவது, தூபங்காட்டிய 250 பேரை அக்கினி பட்சிப்பது. சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்றைக்கு அது எனக்காக எடுத்த கதை. பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். சபைக் கணக்கு எழுத மூன்று வருடம் உதவியாக இருந்தேன். நோயாளிகளுக்கும் விதவைகளுக்கும் என்று சொல்லித் தனியாக எடுக்கிற காணிக்கையில் ஒரு பெரிய தொகை புது ஸ்பீக்கருக்குப் போயிருந்தது. கமிட்டியில் கேட்டேன். "அதுவும் கர்த்தருடைய வேலைதானே" என்றார் பொருளாளர். "சரி, அப்படியானால் சபையில் சொல்லிவிட்டே செய்திருக்கலாமே" என்றேன். யாரோ பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது, அவ்வளவு அமைதி. அடுத்த ஞாயிறு கோராகு.

யாரும் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்பீக்கர் சபையில்தான் இருக்கிறது. கோராகு பிரசங்கத்தையே அதில்தான் கேட்டேன், சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் "இவ்வளவுக்கா சபையை வெறுத்தாய்" என்று கேட்கலாம். வெறுக்கவில்லை. அதுதான் பிரச்சனையே. வெறுத்திருந்தால் எழுந்து போயிருப்பேன். இருபது வருடம் பாடிய பாட்டு, என் அப்பாவை அடக்கம் பண்ணின ஜனங்கள், ஓய்வுநாள் பள்ளியில் என் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்த டீச்சர், எல்லாம் அங்கேதான் இருக்கிறது. கடவுள் மேல் கோபமா, போதகர் மேல் கோபமா, என் மேலேயே கோபமா என்று பிரித்துப் பார்க்கக்கூடத் தெரியாமல், ஆராதனையில் கையை உயர்த்தினால் நடிக்கிற மாதிரியும் உயர்த்தாவிட்டால் கலகம் பண்ணுகிற மாதிரியும் தோன்றிய மாதங்கள் அவை.

யாரிடமாவது சொல்ல முயன்றால் மூன்று பதில்களில் ஒன்று வரும். "ஜெபிக்கிறோம்." அல்லது "ஜாக்கிரதை, பின்மாற்றம் இப்படித்தான் ஆரம்பிக்கும்" (விசுவாசத்தை விட்டு விலகிப்போவதைத்தான் அப்படிச் சொல்வார்கள்). அல்லது குரலைத் தாழ்த்தி, "அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே", அதாவது தேவன் தெரிந்துகொண்ட ஊழியரை எதிர்க்காதே என்று.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அது சங்கீதம் 105, வசனம் 15. போய் முழுசாக வாசித்துப் பாருங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு அலைகிறார்கள். அவர்களைத் தொடாதே என்று தேவன் எச்சரிப்பது ராஜாக்களை. அதிகாரம் இருக்கிறவனிடமிருந்து அதிகாரம் இல்லாதவனைக் காப்பாற்றச் சொன்ன வசனம். அதை மைக் பிடித்திருக்கிறவர் மைக் இல்லாதவரைப் பார்த்துச் சொன்னால் வசனம் தலைகீழாகிவிடாதா? தாவீது ராஜாவும் அபிஷேகம்பண்ணப்பட்டவன்தான், அவன் பாவம் செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி போய் "நீயே அந்த மனுஷன்" என்று சொல்லவில்லையா? பேதுரு அந்தியோகியாவில் தடுமாறினபோது பவுல் முகத்துக்கு முகமாகவே எதிர்த்தானே, அதைக் கலாத்தியர் 2இல் எழுதியும் வைத்தானே?

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது இல்லை. இரவு இரண்டு மணிக்கு, தூக்கம் வராமல், போனில் எதையோ தேடப்போய் மாட்டிய ஒரு சின்னக் குழுவில் கற்றுக்கொண்டது. அறுபது பேர் இருப்பார்கள். கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே, சபையே வேண்டாம் என்று போனவர், போனபின் திரும்பி வந்தவர், இன்னமும் போதகராகவே வேலை பார்த்துக்கொண்டு யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிற ஒருவர் (அவருடைய பதிவுகளைத்தான் நான் மிகக் கவனமாக வாசிப்பேன்). முதல் இரண்டு மாதம் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. மூன்றாவது மாதம் ஒரு வரி போட்டேன்: "எனக்கு ஜெபிக்க வரவில்லை."

அவ்வளவுதான் எழுதினேன். சபையில் சொல்லியிருந்தால் அந்த வாரமே என் வீட்டில் உபவாச ஜெபம் வைத்திருப்பார்கள். இங்கே ஒருவர் "எத்தனை நாளாக?" என்று கேட்டார். இன்னொருவர் 88ஆம் சங்கீதத்தைக் குரல் பதிவாக வாசித்து அனுப்பினார். விளக்கம் எதுவும் இல்லை, வெறும் வாசிப்பு. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு திருப்பம் வரும், "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்" என்று. 88இல் அது கிடையாது. நண்பனும் தோழனும் தூரமாகப் போனார்கள் என்பதோடு இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. எபிரெயத்தில் கடைசி வார்த்தையே இருளைக் குறிப்பதுதானாம். எத்தனையோ வருடம் சங்கீதப் புத்தகத்தை வாசித்திருக்கிறேன், இப்படி ஒன்று அதில் இருப்பதை யாரும் எனக்குக் காட்டினதில்லை. ஞாயிறு ஆராதனையில் வாசிக்கக் கேட்டதாகவும் நினைவில்லை.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் அவருக்குக் கடவுளின் பிரசன்னமே உணரப்படாமல் இருந்தது தெரியவந்ததல்லவா, அதையும் குழுவில் ஒருவர்தான் சொன்னார். ஆறுதல் சொல்ல என்று சொல்லவில்லை. "இவ்வளவு நாள் அவர் யாரிடம் பேசினார் பாருங்கள், ஒரு சிலரிடம், அதுவும் கடிதத்தில்" என்றார். எனக்கு அந்தக் "கடிதத்தில்" என்ற வார்த்தைதான் பிடித்துக்கொண்டது.

ஏனென்றால் "ஆன்லைனில் எல்லாம் ஐக்கியம் வருமா" என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது. சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்று எபிரெயர் 10:25ஐக் காட்டுவார்கள். அதற்கு முந்தின வசனம் "ஒருவரையொருவர் கவனித்து" என்று சொல்கிறதை யாரும் காட்டுவதில்லை. எங்கள் சபையில் கூடிவருதல் இருந்தது, கவனித்தல்தான் குறைவாக இருந்தது. அப்புறம் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமாபுரி சபைக்குக் கடிதம் எழுதும்போது அவன் அதைப் பார்த்ததே இல்லை, ஆனால் அந்தக் கடிதத்தின் 16ஆம் அதிகாரத்தில் இருபதுக்கு மேற்பட்ட பேரைப் பேர் சொல்லி விசாரிக்கிறான். கொலோசெயருக்கு எழுதும்போது தன் முகத்தைப் பார்க்காதவர்களுக்காகத் தான் படுகிற போராட்டத்தைச் சொல்கிறான். சரி, மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன்: யோவான் தன் இரண்டாம் நிருபத்தை "காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை, முகமுகமாய்ப் பேச வருவேன்" என்கிற தொனியில் முடிக்கிறான். அதாவது தூரத்திலிருந்து எழுதுவது போதாது என்று எழுதினவர்களுக்கே தெரிந்திருக்கிறது, ஆனாலும் எழுதினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை, 2020 மார்ச் வரை "திரையில் பார்ப்பது ஆராதனை ஆகாது" என்று சொன்னவர்கள் ஏப்ரலில் "சபை என்பது கட்டடம் அல்ல" என்று திரையில் வந்து பிரசங்கித்தார்கள். காணிக்கைக்கான க்யூஆர் கோடு முதல் வாரமே தயாராக இருந்தது. கதவு திறந்ததும் சபை மறுபடியும் கட்டடமாகிவிட்டது.

இவ்வளவும் சொன்னதால் அந்தக் குழுதான் பரலோகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறேழு மாதம் போனபின் எனக்கே ஒன்று உறைத்தது. அங்கேயும் ஒரு எழுதாத விசுவாசப் பிரமாணம் இருக்கிறது. யாருடைய காயம் பெரிது, யாருடைய போதகர் மோசம் என்பதற்குத்தான் அதிகப் பதில் வரும். கசப்பாக எழுதினால் ஐம்பது பேர் வருவார்கள், நிதானமாக எழுதினால் மூன்று பேர். கொஞ்ச நாளில் என்ன எழுதினால் ஆள் வரும் என்று விரலுக்கே தெரிந்துவிடுகிறது. நானே கோராகு கதையை நான்கு தடவை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. (இரண்டு பேர்தான். மேலே சொன்னதுதான் சரி.)

ஒருநாள் ஒருவர் எழுதினார், தன் பழைய சபைக்கே திரும்பிப் போய்விட்டதாகவும், மூத்தவர் ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதாகவும், இப்போது நிம்மதியாக இருப்பதாகவும். யாரும் பதில் போடவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒருவர் "மறுபடியும் கூண்டுக்குள்ளா" என்று போட்டார். அதற்கு ஒன்பது சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒன்று என்னுடையது.

போட்டுவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. பேர் சொல்லாமல் ஒரு மனிதரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி, எல்லோரும் திரும்பிப் பார்க்க வைப்பது எப்படி இருக்கும் என்று அந்த அறுபது பேரில் எனக்கு நன்றாகவே தெரியும். மறுநாள் அவருக்குத் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, நானும் போன மாதம் இன்னொருவருக்கு அதையேதான் செய்தேன்" என்றார்.

அதற்கப்புறம் நான் அங்கே பேசுகிற விதம் கொஞ்சம் மாறியது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு போதும் கர்த்தாவே என்று சொன்ன இடத்தை (1 இராஜாக்கள் 19) ஒருவர் எழுதியிருந்தார். தூதன் வந்து அவனிடம் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்து சாப்பிடு என்றான், இரண்டு தடவை. பிறகுதான் ஓரேபில், நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று எலியா புலம்பினதற்கு, இல்லை, இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்ற பதில் வருகிறது. இந்த இடத்தைக் காட்டி எங்கள் குழுவே அந்த 7000 என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. அந்த 7000 பேர் யார் யார் என்று எலியாவுக்குச் சொல்லப்படவில்லை. யார் அந்த ஆள் என்று நாம் முன்கூட்டியே முடிவு பண்ண முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் அம்மாவுக்குத் திடீரென்று அறுவை சிகிச்சை. குழுவில் எழுதினேன், நாற்பது செய்திகள் வந்தன, ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றவர் பொருளாளர். அதே பொருளாளர். "நீ கொஞ்ச நேரம் கண்ணை மூடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நான் மூடவில்லை. அவர்தான் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். கணக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்கிற இடமும் அதுவல்ல. ஒரு காதில் இயர்போன், அதில் நான் முகமே பார்க்காத ஒருவர் வேறொரு தேசத்திலிருந்து 88ஆம் சங்கீதத்தை மறுபடியும் வாசித்து அனுப்பியிருந்தார். இன்னொரு காதில் பொருளாளரின் குறட்டை.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறோ இரண்டோ போகிறேன், கடைசி வரிசை. குழுவிலும் இருக்கிறேன், இரவில் மட்டும், சிரிப்புப் பொம்மை போடுவதில்லை. உதவி நிதிக் கணக்கைச் சபை முன்னால் வாசிக்க வேண்டும் என்று போன வாரம் கமிட்டிக்கு எழுத்திலேயே கொடுத்துவிட்டேன், கையெழுத்தும் போட்டு. பதில் வரவில்லை. பொருளாளர் மட்டும் நேற்று, அம்மாவுக்குத் தையல் பிரித்தாயிற்றா என்று கேட்டு மெசேஜ் அனுப்பியிருந்தார்.