கடை ரசீது போதாது, ஆமைக்கும் அனுமதி வேண்டும்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் அங்கே தரையாமை வாங்கி வளர்ப்பது பற்றிய பேச்சில், "பண்ணையில் பிறந்த ஆமைதானே, ரசீது இருந்தால் ஊர் திரும்பும்போது கையோடு கொண்டு போகலாம்" என்று நண்பர் ஒருவர் சொல்லியிருப்பது சரியல்ல. ரசீது, காசு கொடுத்து வாங்கியதற்குத்தான் சான்று. தரையாமை இனங்கள் எல்லாமே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் நாடுகளுக்கிடையேயான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தப் பட்டியலில் இருக்கின்றன. பண்ணையில் பிறந்ததாக இருந்தாலும், எல்லை தாண்ட வேண்டுமானால் கிளம்பும் நாட்டில் அதற்கான சைட்டிஸ் ஆவணம் வாங்கியாக வேண்டும். இந்திய நட்சத்திர ஆமையை 2019இல், கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கே ஏற்றிவிட்டார்கள். போய்ச் சேரும் நாட்டின் இறக்குமதி அனுமதியையும் கேட்பார்கள். காகிதம் இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறிமுதல்தான். அதனால் வாங்கும் அன்றே வளர்ப்பாளரிடம் ஆமை எங்கே பிறந்தது என்பதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். இழுத்தடிப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

அப்புறம், வீட்டுக்குள் வளரும் ஆமைக்கு ஜன்னலோர வெயில் போதும் என்று நினைப்பதும் தவறு. புற ஊதா பி கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அது கிடைக்காத ஆமைக்கு டி3 வைட்டமின் குறையும், கால்சியம் சேராது. வளர்ந்த ஆமையின் ஓடுகூட விரலால் அழுத்தினால் அமுங்கும். புற ஊதா விளக்கு அவசியம். வெளிச்சம் இருக்கிறதே என்று பழைய விளக்கையே வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள், வெளிச்சம் குறையும் முன்பே புற ஊதாக் கதிர் குறைந்துவிடும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலைக்குப் போனவர், ஐம்பது வருடம் வாழக்கூடிய பிராணியை யாரிடம் விட்டுவிட்டு வருவார் என்பதையும் யோசிக்கலாம்.