பாதி விலை சர்வீஸும் பிரான்சைஸ் நோட்டீஸும்

தருமபுரியில் ஒரு கார் சர்வீஸ் கம்பெனியின் இரண்டு நோட்டீஸ்கள் என் கடைக்கு வந்தன. கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: திறப்பு விழா ஆஃபர், ஜெனரல் சர்வீஸ் பாதி விலை, வாட்டர் வாஷ் இலவசம். பணம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: பிரான்சைஸ் எடுங்கள், அதாவது எங்கள் பெயரில் உங்கள் பணத்தில் கடை போடுங்கள், இரண்டே வருடத்தில் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். அந்தப் பாதி விலையின் மீதிப் பாதியை யார் கட்டுவது என்று இரண்டிலும் இல்லை. பிரான்சைஸ் எடுத்தவர்தான் கட்டுகிறார்.

நான் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம் செய்கிறவன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பட்டறைகளுக்கெல்லாம் சரக்கு போகிறது. அதனால் பில் எப்படி இருக்கும் என்று தெரியும். 5,000 ரூபாய் சர்வீஸ் பில் என்று வைத்துக்கொள்வோம். ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் என்று அதில் 3,000 சரக்குக்கே போய்விடுகிறது என்றால் கூலி 2,000. கம்பெனி தன் பெயரைப் பயன்படுத்துவதற்கான பங்காக 10 சதவீத ராயல்டியை மொத்த பில்லுக்கும் கேட்டால் 500 ரூபாய். கூலியில் கால்வாசி அங்கேயே போயிற்று! மிச்சத்தில்தான் மெக்கானிக் சம்பளம், இடத்து வாடகை, கரண்ட், லிஃப்டுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி. இதற்கு மேல் பாதி விலை ஆஃபர் கொடுத்தால் என்ன மிஞ்சும்? ராயல்டி கூலிக்கு மட்டுமா, மொத்த பில்லுக்குமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டாலே வியாபாரத்தின் பாதி லட்சணம் தெரிந்துவிடும். சரக்கைக் கம்பெனியிடமே வாங்க வேண்டும் என்றால், அது என்ன விலை என்பது அடுத்த கேள்வி.

இந்தப் பக்கத்தில் பிரான்சைஸ் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் பெரிய முதலாளிகள் இல்லை. நிலம் விற்றவர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர், ரிட்டயர்மென்ட் பணத்தோடு மகனுக்கு ஒரு வழி செய்ய நினைக்கும் அப்பா. இவர்களிடம் 'உறுதியான வருமானம்' என்று அச்சடித்துக் கொடுப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்னால் முழு விவர ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். வருமானம் இவ்வளவு வரும் என்று சொன்னால் அதற்கு ஆதாரம் வேண்டும். நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம் போன்ற பொதுவான சட்டங்களை வைத்துத்தான் வழக்காட வேண்டும். பெரிய பெயர் என்பதும் காப்பாற்றாது. 2023 ஜனவரியில் கோமெக்கானிக் என்ற கார் சர்வீஸ் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரே கணக்கில் தவறு நடந்ததைப் பொதுவில் ஒப்புக்கொண்டு, ஊழியர்களில் சுமார் 70 சதவீதம் பேரை நீக்குவதாக அறிவித்தார்.

நல்ல கம்பெனி என்றால், ஏற்கெனவே ஓடும் நான்கு கடைகளின் ஜாப் கார்டுகளையும் (ஒவ்வொரு வண்டிக்கும் பார்த்த வேலையை எழுதும் சீட்டு) ஜிஎஸ்டி கணக்கையும் காட்டட்டும். அதில் ஒன்று நஷ்டத்தில் ஓடும் கடையாகவும் இருக்கட்டும். அதைவிட நம்பத்தக்க விளம்பரம் எது? 'இந்த டவுனுக்கு நீங்க ஒருத்தர்தான் சார்' என்று வாயால் சொல்வதை ஒப்பந்தத்திலும் எழுதட்டும்.

கார்க்காரர்களைக் கூப்பிடும் முறையும் மாற வேண்டும். பெங்களூரில் அடித்த நோட்டீஸை அப்படியே தமிழாக்கி இங்கே ஒட்டுகிறார்கள். ஓசூரில் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு 'வீட்டிலேயே வந்து வண்டி எடுத்துக்கொள்வோம்' என்றால் எடுபடும். கிருஷ்ணகிரியில் மஞ்சள் போர்டு வண்டி ஓட்டுபவருக்கு அது எதற்கு? காலையில் விட்டால் சாயங்காலம் வண்டி கைக்கு வர வேண்டும், இல்லையென்றால் ஒருநாள் பிழைப்பு போச்சு. அந்த நேரத்துக்கு உத்தரவாதம் கொடுங்கள், அவர் தன் ஸ்டாண்டில் இருக்கும் எல்லாரையும் கூட்டி வருவார்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இத்தனை விபத்து நடக்கிறது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில், நீள இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது சீக்கிரம் கொதிக்கும், பெடல் உள்ளே போய்விடும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். எத்தனை பேர் மாற்றுகிறோம்? சேலம் பக்கம் போகிற வண்டிக்கு இலவசமாகப் பிரேக் ஆயில் சோதித்து, ஈரம் எவ்வளவு என்று மீட்டரை வண்டிக்காரர் கண்ணிலேயே காட்டுகிற கடை இருந்தால் நான் முதல் ஆளாக என் வண்டியைக் கொண்டுபோவேன். மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் கொடுத்து, வேலை பார்த்த மெக்கானிக்கின் பெயரைப் பில்லில் போடுங்கள். ஐடிஐ முடித்த நம் பிள்ளைகளுக்கு வண்டியின் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் சொல்லிக் கொடுத்து, அவர்கள் படத்தை போர்டில் வையுங்கள்.

பிரான்சைஸ் எடுக்கும் யோசனையில் இருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் டெபாசிட் கட்டுவதற்கு முன் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டிய பிறகுதான் நகல் தருவோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தந்தால் ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள். பார்ட்ஸ் விலைப் பட்டியலை என்னிடம் கொண்டு வந்தால், மார்க்கெட் விலையோடு வரி வரியாக ஒப்பிட்டுத் தருகிறேன்.