இத்தனை குதிரை இருந்தும் ஏன் கொட்டாவி வருது?

இப்ப வர்ற ஸ்போர்ட்ஸ் செடான் (வேகமா ஓட்டவே செஞ்ச நாலு கதவு கார்) எதுலயும் வேகத்துக்குக் குறையே இல்லை. ஆனா ஓட்டி முடிச்சு இறங்கி, பூட்டிட்டு நடக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்க்கத் தோணணுமே? எனக்குத் தோணறதில்லை.

பிஎம்டபிள்யூ எம்5-ஐயே எடுத்துக்குங்க. 1998-ல வந்த இ39 மாடல்ல 4.9 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்), 400 குதிரைத்திறன், மேனுவல் கியர் மட்டும்தான். எடை 1,800 கிலோவை ஒட்டி. 2024-ல வந்தது ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோட பேட்டரியில ஓடுற மோட்டாரும் சேர்ந்தது. 727 குதிரைத்திறன், எடை 2,400 கிலோவுக்கு மேல! நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட இதுக்கு 3.5 நொடி. முந்தின தலைமுறை எம்5-ல காம்பெடிஷன்கிற கூடுதல் சக்தி மாடல் 3.3 நொடியிலேயே தொட்டுருச்சு. புதுசா வந்த குதிரைங்க பேட்டரி சுமக்கவே சரியாப் போச்சு.

எடை கூடினா அதை அடக்க அகலமான டயர், விறைப்பான சஸ்பென்ஷன், நாலு சக்கர இயக்கம்னு ஒவ்வொண்ணா வந்து சேருது. எல்லாம் சேர்ந்து வண்டியோட பிடிமானத்தை எங்கேயோ கொண்டுபோய் வெச்சிருச்சு. ஒரு வளைவுல அறுபதுல போனாலே எண்பதுகள்ல வந்த பிஎம்டபிள்யூ இ30 எம்3 உங்களோட பேச ஆரம்பிச்சிரும். ஏறக்குறைய 1,200 கிலோ வண்டி அது. இன்னைக்கு வண்டி அதே வளைவுல தூங்குது. அது முழிக்கிற வேகத்துக்குப் போனா நம்ம லைசென்ஸ் போயிரும்.

ஸ்டியரிங் இன்னொரு சோகம். பழைய ஸ்டியரிங்ல இருந்த ஹைட்ராலிக் பம்ப் எஞ்சினோட சக்தியை எந்நேரமும் தின்னும். இப்ப வர்ற எலக்ட்ரிக் ஸ்டியரிங் அப்படித் தின்னாது, எரிபொருள் மிச்சம். லேன் மாறாம வண்டி தானே பிடிச்சுக்கவும் அதுதான் வசதி. நியாயம்தான். ஆனா ரோடு எப்படி இருக்குன்னு கைக்குத் தெரியறது போச்சு. (இ39 எம்5 ஸ்டியரிங்கையும் அப்பவே குறை சொன்னாங்க. பழசெல்லாம் தங்கம்னு நான் சொல்ல வரலை.)

எஞ்சின் சத்தத்தைக்கூட 2011 எம்5-லயே ஸ்பீக்கர் வழியா ஊட்ட ஆரம்பிச்சுட்டாங்க. மெர்சிடிஸோட ஏஎம்ஜி சி63-ல வி8-ஐயே எடுத்துட்டு 2 லிட்டர் நாலு சிலிண்டர் ஹைப்ரிட் வெச்சாங்க. 680 குதிரைத்திறன்தான், யார் இல்லைன்னா? அந்த உறுமலுக்காக வாங்கினவன் எங்கே போவான்?

கம்பெனிகளை மட்டும் திட்டவும் மனசு வரலை. காடிலாக் சிடி5-வி பிளாக்விங்ல 668 குதிரைத்திறன் வி8, பின்சக்கர இயக்கம், ஆறு கியர் மேனுவல்னு நாம கேட்டதெல்லாம் கொடுத்தாங்க. பிஎம்டபிள்யூ ஜி80 எம்3-லயும் மேனுவல் இருந்துச்சு. நாம என்ன பண்ணோம்? மேனுவலுக்காக ஊரெல்லாம் அழுதுட்டு ஆட்டோமேட்டிக் எஸ்யூவிக்கு அட்வான்ஸ் கொடுத்தோம்.

நான் கடைசியா வாங்கினதும் ஆட்டோமேட்டிக்தான். டிராஃபிக்ல முழங்கால் வலிக்குதுங்க. திட்டறவங்க திட்டலாம்.