விசில் இருந்தால் போதுமா?

எங்கள் பிள்ளைகளின் ஃபுட்பால் கோச்சிங் வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். நான் கேட்டது ஒன்றே ஒன்று. வெளியூர் ஃபுட்பால் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற தன்னார்வலர்கள் எல்லாரிடமும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று வாங்கி வைக்கலாமா? "மாஸ்டர் காசு வாங்காம சேவை செய்யறார், அவரையே சந்தேகப்படறீங்களா?" என்று ஆரம்பித்தவர்கள், "நம்பிக்கை இல்லாதவங்க பொண்ணை வீட்டிலேயே வெச்சுக்கலாம்" என்று முடித்தார்கள்.

மாஸ்டரிடம் மட்டும் கேளுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. எல்லாரிடமும் கேட்டால் யாருக்கும் அவமானம் இல்லை.

மாவட்ட அணித் தேர்வுக்குப் போனபோது என் மகளிடம் என்னென்ன கேட்டார்கள்? பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஃபோட்டோ மேல் பாதி விழுகிற மாதிரி பள்ளி முத்திரை குத்திய போனஃபைடு சான்று. முத்திரை மங்கலாக இருக்கிறதாம், திருப்பி அனுப்பினார்கள். அந்த வெயிலில் ஸ்கூட்டரில் பள்ளிக்கு ஓடினேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை வயதில் ஏமாற்றிவிடுமோ என்று அவ்வளவு சந்தேகம். அவளை வேனில் ஏற்றி வெளியூரில் ராத்தங்க வைப்பவருக்குக் கழுத்தில் விசில் இருந்தால் போதும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகளை யாராவது படித்தீர்களா? பள்ளி, குழந்தைக் காப்பகம், விளையாட்டு அகாடமி என்று பெயர் சொல்லியே இருக்கிறது. குழந்தைகளோடு பழகும் ஊழியர்கள், ஒப்பந்த ஊழியர்கள் உட்பட, எல்லாருக்கும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம். "அது ஊழியர்களுக்குத்தான்மா, மாஸ்டர் தன்னார்வலர்" என்று வக்கீலாக இருக்கும் ஓர் அப்பா விளக்கம் கொடுத்தார். ரொம்ப நல்லது சார். சம்பளம் வாங்காதவர் கூட்டிப்போனால் மட்டும் பிள்ளைகள் வேறு பிள்ளைகளா?

மெல்பர்னில் என் தம்பி வாரக் கடைசியில் பொடியன்களுக்கு கிரிக்கெட் சொல்லித்தருகிறான். அதற்கே, பின்னணியைச் சரிபார்த்து அரசு தரும், குழந்தைகளோடு பழகுவதற்கான அட்டை வேண்டும். தன்னார்வலர்களுக்குக் கட்டணம் கிடையாது, ஐந்து வருடம் செல்லும். அவன் ஒன்றும் குறைந்துபோகவில்லை, அட்டையை பர்ஸில் வைத்துக்கொண்டு ஜம்மென்று சுற்றுகிறான். (இன்னும் கல்யாணம்தான் ஆகவில்லை, அது வேறு கதை.)

"சான்று இருந்தா தப்பு நடக்காதா?" என்பீர்கள். சரி, நானே சொல்கிறேன். சிகிச்சை என்ற பெயரில் பெண் பிள்ளைகளைப் பாலியல் கொடுமை செய்த அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டர் லாரி நாசர், அதற்கு முன் தண்டனை பெற்றவர் இல்லை. எந்தச் சான்றும் அவரைக் காட்டிக்கொடுத்திருக்காது. பெண் பிள்ளைகள் வருடக்கணக்கில் சொல்லியும் பெரியவர்கள் அவரைத்தான் நம்பினார்கள். 2018-ல் அதற்குத் தண்டனை வருவதற்குள் பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். "அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்ற அதே வசனம்தான் நம் குழுவிலும் ஓடியது, கைகூப்பும் எமோஜியோடு.

இதற்கு மேல் என்ன சொல்ல? போட்டி நாளில் விடியற்காலை எழுந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் எலுமிச்சை சாதம் கட்டியபோது நான் "எங்க அக்கா". ஒரு தாள் கேட்டதும் "பிரச்சினை பண்ற பொம்பளை". அப்பாக்கள் யாராவது இதையே கேட்டிருந்தால் கமிட்டி போட்டிருப்பார்கள்.

மகளை வீட்டில் வைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருவாள், நானும் வருவேன். ஜெர்சிக்கு வாங்கிய பணத்துக்கு இன்னும் ரசீது வரவில்லை. எப்படியும் கெட்ட பெயர் வந்தாச்சு, அதையும் கேட்டுவிடுகிறேன்.